தோட்டக் குழு: வாட்ஸ்அப்பா, டெலிகிராமா?

பரளச்சிப் பக்கம் கரிசல் கொல்லையில் கத்தரி, அவரை, சுரை போடுகிறவர்கள் சேர்ந்து போனில் குழு தொடங்குவதென்றால், எதில் என்பதை முதலிலேயே பேசி முடித்துவிடுங்கள். நடுவில் மாற்றினால் பாதிப் பேர் வரமாட்டார்கள்.

வாட்ஸ்அப் எல்லோர் கையிலும் இருக்கிறது. 1,024 பேர் வரை சேரலாம். ஆனால் உங்கள் போன் நம்பர் குழுவில் உள்ள அத்தனை பேருக்கும் தெரியும். பெண்கள் தயங்குவது இதனால்தான், அது நியாயமான தயக்கம். டெலிகிராமில் நம்பரை மறைத்துக்கொள்ளலாம். பழைய பதிவுகளைக் காட்டும்படி அட்மின் வைத்துவிட்டால், ஆடியில் ஒருவர் கேட்டதற்கு வந்த பதில் ஐப்பசியில் சேர்ந்தவருக்கும் கிடைக்கும். என் ஓட்டு டெலிகிராமுக்கே. எதுவானாலும் அட்மின் இரண்டு பேராவது வேண்டும்.

செடிக்கு நோய் என்று குழுவில் கேட்கும்போது இலையின் மேற்புறத்தை மட்டும் படமெடுத்து அனுப்பாதீர்கள். இலையைத் திருப்பி அடிப்புறத்தையும் எடுங்கள். வெள்ளை ஈ அங்கேதான் ஒட்டிக்கொண்டிருக்கும். கடைசியாகத் தண்ணீர் விட்ட நாளையும் எழுதுங்கள்.

குழுவில் யாரோ சொன்ன மருந்தை அப்படியே அடித்துவிட வேண்டாம். கிசான் கால் சென்டர் 1800-180-1551: கட்டணமில்லை, தமிழிலேயே கேட்கலாம்.