படகின் ரேடாரும் திசைகாட்டியும்

திருவனந்தபுரம் வலியசாலைத் தெருவில் மாணவன் ஒருவன் கோயிலை நோக்கியவாறே பக்கவாட்டில் நடப்பானாயின், அவன் முகம் நோக்கும் திசை வேறு. கால் செல்லும் திசை வேறு. படகிற்கும் இஃது ஒக்கும். ரேடாரைப் பிற கருவிகளோடு இணைக்கும் பணியாளர் முதலில் மனங்கொள்ளவேண்டியது இதுவே.

எதிரலை படகின் அணியத்திலிருந்து எத்தனை பாகை விலகி, எவ்வளவு தொலைவிலிருந்து வந்தது என்பதை மட்டுமே ரேடார் அறியும். வடக்கு எதுவென அதற்குத் தெரியாது. சாதாரண ஜி.பி.எஸ். கருவியோ படகின் இடத்தையும் அது செல்லும் திசையையும் கூறும்; அணியம் நோக்கும் திசையைக் கூறாது. ஆதலின், ரேடார்ப் படத்தைக் கடல் வரைபடத்தின்மீது பொருத்திக் காண மின்திசைகாட்டி ஒன்று இன்றியமையாதது.

தென்மேற்குப் பருவக்காலத்தில் இக்கரையோர நீரோட்டம் தெற்கு நோக்கியது. விழிஞ்சத்திலிருந்து மேற்கு நோக்கி மணிக்கு 6 கடல் மைல் செல்லும் படகை, 1 கடல் மைல் வேகமுள்ள நீரோட்டம் தள்ளுவதாகக் கொள்வோம். படகு செல்லும் திசை ஏறத்தாழ 9½ பாகை தெற்கே சாயும். அதனையே அணியத்தின் திசையாகக் கருவி கொள்ளுமாயின், 3 கடல் மைலுக்கு அப்பால் நேர் எதிரே வரும் கப்பல், வரைபடத்தில் அரைக் கடல் மைல், அதாவது 900 மீட்டருக்குமேல், தெற்கே காட்டப்படும். கொச்சிக்கு அப்பால் 2017 ஜூன் 11-ஆம் நாள் சரக்குக் கப்பலொன்று மோதி மீனவர் உயிரிழந்த கடலிலே இப்பிழை சிறியதன்று. வலையிட்டு நிற்கையில் ஜி.பி.எஸ். காட்டும் திசையை நம்பவே இயலாது. ரேடாரைத் தனித்திரையிற் காணுங்கால் இப்பிழை இல்லை என்பதையும் சொல்லவேண்டும்.

இனிக் கம்பி இணைப்பு. 1983-இல் வெளிவந்த என்.எம்.இ.ஏ. 0183 முறையில், ஒரு கருவி பேச, பல கருவிகள் கேட்கலாம். இரு கருவிகள் ஒரே கம்பியிற் பேசலாகாது. ஜி.பி.எஸ். கம்பியோடு திசைகாட்டியின் கம்பியையும் சேர்த்து முறுக்கிவிடுவது தவறு. இட விவரம் வினாடிக்கு ஒருமுறை வந்தாற் போதும். திசை விவரம் 10 முறை வருதல் நன்று. வினாடிக்கு 4,800 பிட்டு என்னும் வழக்கமான வேகம் இதற்கு இடுக்கமானதாதலால், திசைகாட்டிக்குத் தனிவழி அமைத்து, இருபுறமும் 38,400 எனக் குறித்தல் வேண்டும்.

திசைகாட்டியை எஞ்சின், ஒலிபெருக்கி, ரேடாரின் சுழல்பகுதி ஆகியவற்றினின்று விலக்கி வைக்கவேண்டும். அருகே செல்லும் மின்வழங்கு கம்பிகள் இரண்டையும் ஒன்றோடொன்று முறுக்கினால் அவற்றின் காந்தப்புலம் பெரிதும் அடங்கும்.

முடிவில், அமைதியான நீரில் அணியத்தை அலைதடுப்புச் சுவரின் முனைக்கு நேரே நிறுத்துக. அம்முனையின் எதிரலை திரையின் முன்நோக்குக் கோட்டில் விழாவிடில், வேறுபடும் பாகையை ரேடாரின் திருத்த எண்ணாக இடுக. பின்னர்ப் படகை மெல்ல ஒரு முழுவட்டம் திருப்புக. எதிரலைகள் வரைபடத்தின் கரைக்கோட்டை விட்டு எத்திசையிலேனும் விலகுமாயின், பிழை திசைகாட்டியில் உள்ளது.