ஒரு குடம் நீரில் ஒளிந்திருக்கும் மின்சாரம்

தண்ணீரையும் மின்சாரத்தையும் இருவேறு பொருள்களாகவே நாம் எண்ணிப் பழகியிருக்கிறோம். ஒன்று குழாயில் வருகிறது. மற்றொன்று கம்பியில் வருகிறது. இரண்டுக்கும் தனித்தனி அலுவலகம், தனித்தனிக் கட்டணச் சீட்டு. ஆனால் ஒன்றைச் சேமித்தால் மற்றொன்றும் சேமிக்கப்படுகிறது என்பதை அமெரிக்க நாட்டின் கலிஃபோர்னியா மாநிலம் ஒரு கொடிய வறட்சியின்போது கணக்கிட்டு அறிந்தது. அந்த ஆராய்ச்சியைப் பற்றி இக்கட்டுரையில் காண்போம்.

வறட்சியின் கொடுமை

கலிஃபோர்னியாவில் 2012 முதல் 2016 வரை கடும் வறட்சி நிலவியது. அம்மாநிலத்தின் கிழக்கே சியரா நெவாடா என்னும் மலைத்தொடர் உள்ளது. குளிர்காலத்தில் அங்கே பெய்யும் பனி, வேனிற்காலத்தில் உருகி ஆறுகளை நிரப்பும். ஆகவே அம்மக்களுக்குப் பனிமலையே இயற்கை தந்த நீர்த்தேக்கமாகும். 2015ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் ஆளுநர் ஜெர்ரி பிரவுன் அம்மலைக்குச் சென்றார். வழக்கமாக ஐந்தடி அளவுக்குப் பனி கிடக்கும் இடத்தில் அன்று வெறும் புல்தரைதான் இருந்தது. மலைப்பனியில் இருந்த நீரின் அளவு சராசரியில் 5 விழுக்காடு மட்டுமே. நகரங்கள் நீர்ச் செலவை 25 விழுக்காடு குறைக்க வேண்டும் என்ற ஆணையை அவர் அங்கு நின்றே அறிவித்தார். அம்மாநில வரலாற்றில் இத்தகைய கட்டாய ஆணை அதுவே முதன்முறை.

வறட்சி ஏழைகளையே முதலில் தாக்குகிறது. ஈஸ்ட் போர்ட்டர்வில் என்ற ஊரில் பண்ணைக் கூலியாட்கள் பலர் வாழ்கின்றனர். 2014இல் அவ்வூரில் நூற்றுக்கணக்கான வீடுகளின் கிணறுகள் வற்றிவிட்டன. செல்வம் மிகுந்த நாட்டிலேயே தாய்மார் குழாயில் நீரின்றிப் புட்டித் தண்ணீரையும் தொட்டித் தண்ணீரையும் நம்பி வாழும் நிலை ஏற்பட்டது.

நீரை ஏற்ற மின்சாரம்

கலிஃபோர்னியாவில் நீர்வளம் மிகுதியாக இருப்பது வடக்கே. மக்கள் மிகுதியாக வாழ்வது தெற்கே. எனவே நெடுந்தூரம் கால்வாய் வழியாக நீர் கொண்டுசெல்லப்படுகிறது. வழியில் டெஹாச்சபி மலை குறுக்கிடுகிறது. அங்கே உள்ள எட்மன்ஸ்டன் நீரேற்று நிலையத்தின் 14 பம்புகள் நீரை ஒரே மூச்சில் 587 மீட்டர் உயரத்துக்கு ஏற்றுகின்றன. இந்த நிலையத்தை உள்ளடக்கிய அரசு நீர்த்திட்டமே அம்மாநிலத்தில் மிக அதிக மின்சாரம் செலவிடும் தனி அமைப்பாகும். நீரை எடுத்தல், சுத்திகரித்தல், வீடுகளில் சூடாக்குதல், கழிவுநீரைத் தூய்மையாக்குதல் ஆகிய யாவற்றுக்கும் மாநில மின்சாரத்தில் 19 விழுக்காடு செலவாகிறது என்று அம்மாநில எரிசக்தி ஆணையம் 2005இல் கணக்கிட்டது.

வறட்சியில் இந்தச் சிக்கல் இருமடங்காகிறது. அணைகளில் நீர் குறைவதால் நீர்மின் உற்பத்தி வீழ்கிறது. அதே வேளையில் நிலத்தடி நீர்மட்டம் கீழே போவதால், அதே அளவு நீரை மேலே கொண்டுவர முன்னைவிட அதிக மின்சாரம் வேண்டியிருக்கிறது. வரவு குறையும் நேரத்தில் செலவு கூடுகிறது!

நம் பாடப் புத்தகக் கணக்கு

நாம் இயற்பியலில் படித்ததைக் கொண்டே இதனைச் சரிபார்க்கலாம். 1000 லிட்டர் நீரின் நிறை 1000 கிலோ கிராம். அதை 587 மீட்டர் உயர்த்தத் தேவைப்படும் ஆற்றல் 1000 × 9.8 × 587 ஜூல், அதாவது சுமார் 5,750 கிலோ ஜூல். 3,600 கிலோ ஜூல் ஒரு யூனிட் ஆகையால் இது 1.6 யூனிட். பம்பில் ஏற்படும் இழப்பையும் சேர்த்தால் இன்னும் கூடும்.

அதே 1000 லிட்டர் நீரை 25 டிகிரி சூடாக்க என்ன ஆகும்? 1000 × 4.2 × 25 = 1,05,000 கிலோ ஜூல், அதாவது 29 யூனிட்டுக்கும் மேல்! ஒரு மலையைத் தாண்டி நீரை ஏற்றுவதைவிட அதைக் குளிப்பதற்குச் சூடாக்க ஏறத்தாழ 18 மடங்கு ஆற்றல் வேண்டும். வெந்நீரை வீணாக்குவது எவ்வளவு பெரிய இழப்பு என்பதை இக்கணக்கு காட்டுகிறது.

ஆராய்ச்சி கண்ட உண்மை

ஆளுநரின் ஆணைப்படி மக்கள் புல்தரைகளுக்கு நீர் பாய்ச்சுவதைக் குறைத்தனர். உணவகங்களில் கேட்டவர்க்கு மட்டுமே குடிநீர் வைக்கப்பட்டது. 2015 ஜூனில் தொடங்கி ஏறக்குறைய ஓராண்டில், 2013ஆம் ஆண்டுடன் ஒப்பிட நீர்ச் செலவு 24.5 விழுக்காடு குறைந்தது. மிச்சமான நீர் சுமார் 2 லட்சம் கோடி லிட்டர்.

டேவிஸ் நகரிலுள்ள கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் எட்வர்ட் ஸ்பாங் முதலிய ஆராய்ச்சியாளர்கள், இந்த நீரோடு எவ்வளவு மின்சாரம் மிச்சமாயிற்று என்று ஆராய்ந்து 2018இல் வெளியிட்டனர். விடை 183 கோடி யூனிட்! அதாவது 1000 லிட்டருக்குச் சராசரியாக ஏறத்தாழ 0.9 யூனிட். ஏறத்தாழ அதே காலத்தில் அங்குள்ள தனியார் மின் நிறுவனங்களின் மின்சிக்கனத் திட்டங்கள் சேமித்ததைவிட இது 11 விழுக்காடு அதிகம். காற்றில் கலந்திருக்க வேண்டிய 5,21,000 டன் கரியமில வாயுவும் தவிர்க்கப்பட்டது. மின்சாரத்தை மிச்சப்படுத்த எவரும் ஆணையிடவில்லை. நீரைக் காத்தபோது அது தானாகவே வந்தது.

இதில் சிரமங்களும் உண்டு. நீர் விற்பனை குறைந்ததால் நீர் வழங்கும் அமைப்புகள் பலவற்றுக்கு வருவாய் குறைந்தது. சில இடங்களில் கட்டணம் உயர்ந்தது. ஆகவேதான் நீர்த் துறையும் மின் துறையும் ஒரே கணக்கேட்டை வைத்துக்கொள்ள வேண்டும். மின்சிக்கனத்துக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு பங்கு நீர்ச்சிக்கனத்துக்கும் சென்றால் இருசாராரும் பயனடைவர்.

நாம் செய்ய வேண்டியவை

இந்த உண்மை நமக்கும் பொருந்தும். 2019ஆம் ஆண்டு சென்னையில் ஏரிகள் வறண்டபோது ஜோலார்பேட்டையிலிருந்து இரயிலில் குடிநீர் கொண்டுவர நேர்ந்தது. அவ்வாறு வந்த ஒவ்வொரு குடத்திலும் எவ்வளவு ஆற்றல் அடங்கியிருந்தது!

தோழியரே, மாடித் தொட்டி நிரம்பி வழியும்போது நீர் மட்டுமன்று, மோட்டார் ஓடிய மின்சாரமும் சாக்கடையில் கலக்கிறது. தொட்டி நிரம்பும் முன்பே மோட்டாரை நிறுத்துவோம். ஒழுகும் குழாயை உடனே சரிசெய்யச் சொல்வோம். குளிக்க வேண்டிய அளவுக்கு மட்டுமே வெந்நீர் வைப்போம். அரிசி கழுவிய நீரைச் செடிகளுக்கு ஊற்றுவோம்.

கலிஃபோர்னியாவில் நீர்க்கட்டுப்பாடு தொடங்கிய அதே 2015 ஜூன் மாதத்தில்தான், மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் அவர்களின் 'லவுதாத்தோ சீ' என்னும் சுற்றுமடல் வெளிவந்தது. தூய குடிநீர் ஒவ்வொரு மனிதரின் அடிப்படை உரிமை என்று அது போதிக்கிறது. அம்மடலுக்குப் பெயர் தந்த பாடலை இயற்றிய புனித பிரான்சிஸ் அசிசியார் தண்ணீரைச் சகோதரி என்றும், நெருப்பைச் சகோதரன் என்றும் அழைத்தார். நீரும் ஆற்றலும் ஒரே குடும்பம் என்பதை இன்று விஞ்ஞானமும் தன் வழியில் காட்டுகிறது. நாம் மிச்சப்படுத்தும் ஒரு குடம் நீர், வற்றிய கிணற்றருகே காத்திருக்கும் ஒரு தாய்க்கு உரிய பங்கு என்று எண்ணிச் சிக்கனத்தைக் கடைப்பிடிப்போமாக.

– பத்தாம் வகுப்பு மாணவி