யந்திரம் கண்ட முதல் முகம்

கேள்வி: புகைப்படம் ஒன்றைக் கணிப்பொறிக்குள் முதன்முதலாகச் செலுத்தியவர் யார்?

பதில்: 1957-ஆம் வருஷம், அமெரிக்க தேசியத் தரநிர்ணய நிலையத்தில் ‘சீயாக்’ என்னும் கணிப்பொறியோடு பழகிவந்த ரஸ்ஸல் கிர்ஷ் என்பவர், கணக்குப் போடுவதொன்றையே தொழிலாகக் கொண்ட அந்த யந்திரத்துக்குக் கண்ணும் வாய்த்தால் என்ன விளையும் என்று யோசித்து, மூன்று மாதமே நிரம்பிய தம் மகனின் புகைப்படத்தைச் சுழலும் உருளை ஒன்றில் பொருத்தி, அதன்மீது பட்டுத் திரும்பும் ஒளியைப் புள்ளிபுள்ளியாக அளந்து பதிவு செய்தார். ஞாபகசக்தி மிகக் குறைந்த அந்த யந்திரத்துக்காகப் படம் பக்கத்துக்கு 176 வீதம், ஆக 30,976 சதுரங்களாகப் பிரிக்கப்பட்டது. ஒவ்வொரு சதுரமும் ஒன்று கறுப்பு, அல்லது வெள்ளை. கன்னத்தின் மெல்லிய நிழல் இதில் எப்படிப் புலப்படும்? ஆகவே, கறுப்புக்கும் வெள்ளைக்கும் இடையேயுள்ள எல்லையைச் சற்றுச் சற்று மாற்றி, அதே படத்தைப் பன்முறை வருடச் செய்து, அப்பிரதிகளை ஒன்றன்மேல் ஒன்றாக இணைத்துச் சாம்பல் நிறத்தை உண்டாக்கினார்கள். என் அபிப்பிராயத்தில் ஆராய்ச்சியின் சாமர்த்தியம் முழுவதும் இந்த உபாயத்தில்தான் இருக்கிறது. கிர்ஷுக்கோ, புள்ளிகளைச் சதுரமாக அமைத்தது தவறு என்ற குறை முதுமையிலும் நீங்கவில்லை. 2010 வாக்கில், எண்பது வயதைக் கடந்தபின், அதைத் திருத்தும் வேலையில் இறங்கினார்.