காப்பாளரை முதலில் போடுங்கள், உயிலைப் பிறகு எழுதுங்கள்

அறிவுசார் குறைபாடுள்ள மகனை வைத்திருக்கும் ஒரத்தநாட்டுப் பெற்றோர் பலர் உயிலிலிருந்து தொடங்குகிறார்கள். அதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. பிள்ளைக்கு 18 வயது முடிந்துவிட்டால் பெற்றவர்கள்கூடத் தாமாகச் சட்டக் காப்பாளர் ஆகிவிடுவதில்லை.

1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகை ஊனம் உள்ளவர்களுக்கு ஆட்சியர் இடம்பெறும் மாவட்ட அளவிலான குழுவே காப்பாளரை நியமிக்கும். தஞ்சாவூர் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விசாரித்து மனுக் கொடுங்கள். ஊனச் சான்று, ஆதார், காப்பாளராக வருபவரின் எழுத்துமூலச் சம்மதம் ஆகியவற்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். மறதிநோய் கண்ட தாய்க்கும் சுயநினைவின்றிக் கிடக்கும் தந்தைக்கும் இந்த வழி கிடையாது. அவர்களுக்காக உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்குத்தான் போக நேரும்.

யாரைக் காப்பாளராகப் போடுவது? தஞ்சை அரண்மனையே இதில் சறுக்கியிருக்கிறது. 1787-இல் துளஜா மன்னர் இறந்தபோது தத்துப்பிள்ளை சரபோஜி சிறுவன். பாதுகாக்க வேண்டிய சிற்றப்பா அமர்சிங்கே அரியணையில் உட்கார்ந்துகொண்டார். சரபோஜிக்குப் பட்டம் கிடைத்தது 1798-இல்தான். எல்லாச் சித்தப்பாவும் அமர்சிங் அல்ல. ஆனாலும் பிள்ளையின் காலத்துக்குப் பின் சொத்து யாருக்குப் போய்ச் சேருமோ, அவரைக் காப்பாளராக்காதீர்கள். காப்பாளர் நியமனமான ஆறு மாதத்துக்குள் சொத்துப் பட்டியலும், ஒவ்வொரு நிதியாண்டும் முடிந்த மூன்று மாதத்துக்குள் கணக்கும் கொடுக்க வேண்டும். குறுவை, சம்பா, குத்தகை நெல் வரவையெல்லாம் முதல் நாளே நோட்டில் ஏற்றச் சொல்லுங்கள்.

இனி உயில். பூர்வீக நிலத்தில் உங்கள் பங்கை மட்டுமே எழுத முடியும். மகனின் ஆயுள்வரை வருமானம் அவனுக்கு, அதன்பின் நிலம் தர்மத்துக்கு என்று எழுதலாம். "ஏதாவது நல்ல காரியத்துக்கு" என்று விட்டால் வழக்கில்தான் முடியும். சர்வே எண், நிறுவனத்தின் பதிவு எண், நடக்க வேண்டிய காரியம், அந்த நிறுவனம் மூடப்பட்டால் அடுத்து எது என்பது வரை குறிப்பிடுங்கள். ஒரத்தநாட்டிலேயே முத்தம்பாள் என்பவர் பெயரில் சரபோஜி எழுப்பிய சத்திரம், வழிப்போக்கருக்குச் சோறு என்ற தெளிவான நோக்கத்தோடுதான் தொடங்கியது. கோயில் கட்டளையாக வைப்பதென்றால் அறநிலையத் துறையிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

உயிலுக்கு முத்திரைத்தாள் வேண்டாம், வெள்ளைத்தாள் போதும். இரண்டு சாட்சிகள் கட்டாயம். உங்களைவிட இளையவர்களாக, சொத்தில் பங்கில்லாதவர்களாகப் பாருங்கள். பதிவு கட்டாயமில்லைதான், ஆனால் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்துவிட்டால் பின்னால் வாயடைக்கும்.

வக்கீல் கட்டணத்துக்குத் தயங்குகிறீர்களா? பெண்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வருமானம் பாராமல் இலவச வக்கீல் தர 1987-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. வட்ட சட்டப் பணிகள் குழுவில் மனுக் கொடுக்கலாம், அல்லது 15100 என்ற எண்ணில் கேட்கலாம்.