வாங்காத கடன் உங்கள் பெயரில் நின்றால்…



வங்கிக் கடன் இணைப்புக்குக் குழு மனு கொடுக்கிறது. சேமிப்பு சரி, வரவு செலவு நோட்டும் சரி. ஆனால் மேனேஜர் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, "உங்க குழுவுல ஒரு அம்மா பேருல கம்பெனிக் கடன் கட்டாம நிக்குதே" என்கிறார். அந்த அம்மாவோ, "நான் எங்கயும் வாங்கலையே" என்று அழுகிறார். இப்படி நேர்ந்தால் எடுத்த எடுப்பில் அவரைத் திட்டாதீர்கள். அவருடைய பெயரையும் ஆதாரையும் வேறு யாரோ பயன்படுத்தியிருக்கலாம். இதுவும் திருட்டுதான். தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66சி பிரிவின்படி 3 ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு.

இது எப்படி நடக்கிறது? பெரும்பாலும் நம் கையாலேயே கொடுக்கிறோம். "புது ஸ்கீம் வந்திருக்கு, ஆதார் ஜெராக்ஸும் ரெண்டு போட்டோவும் குடுங்க" என்று யாராவது வந்தால், எந்த ஆபீஸ் என்றுகூடக் கேட்பதில்லை. இனி ஜெராக்ஸ் கொடுக்கும்போது, எதற்காக, யாரிடம், எந்தத் தேதியில் என்று அதன் மேலேயே குறுக்காக எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். அந்தத் தாளை வேறு வேலைக்குப் பயன்படுத்துவது கஷ்டம். கடைசி 4 எண் மட்டும் தெரியும் ஆதாரையும் இணையத்தில் எடுக்கலாம். அது போதும் என்கிற இடத்தில் அதையே கொடுங்கள்.

கைரேகை விஷயம் இன்னும் கவனம். ஊருக்குள் மிஷின் கொண்டு வந்து பணம் தருகிறவரிடம் ஆதார் எண்ணும் கைரேகையும் இருந்தாலே பணம் எடுத்துவிடலாம். பின் நம்பர் வேண்டாம், ஓ.டி.பி. வேண்டாம். "ரேகை பதியல, இன்னொரு வாட்டி வைங்க" என்றால், முதல் தடவை வைத்ததற்கு என்ன ஆச்சு என்று கேட்டு, சீட்டு வாங்கிப் பார்த்துவிட்டுத்தான் மறுபடி விரல் வைக்க வேண்டும். ஆதார் ஆப்பிலோ ஆதார் சேவை மையத்திலோ கைரேகையைப் பூட்டி வைக்கலாம். சந்தேகம் இருந்தால் 1947-க்குப் பேசுங்கள். ஒன்று, பூட்டியிருந்தால் ரேஷன் கடையிலும் ரேகை ஏற்காது, போவதற்கு முன் திறந்துகொள்ள வேண்டும். இதற்கெல்லாம் ஆதாரில் உங்கள் சொந்த செல் நம்பர் இருக்க வேண்டும். மகன் நம்பரோ ஏஜெண்ட் நம்பரோ இருந்தால் முதலில் அதை மாற்றுங்கள்.

சரி, நடந்துவிட்டது. இப்போ என்ன செய்வது?

கணக்கிலிருந்து பணம் போயிருந்தால் உடனே 1930-க்குப் பேசுங்கள், அன்றே வங்கிக்கும் எழுதிக் கொடுங்கள். நம் தவறும் வங்கியின் தவறும் இல்லாமல் போன பணத்துக்கு, தகவல் வந்த 3 வேலை நாட்களுக்குள் வங்கியிடம் சொன்னால் நஷ்டம் நம்முடையது அல்ல என்று 2017-ல் ரிசர்வ் வங்கி விதி போட்டது. நாள் கடத்தக் கூடாது என்பது அதனால்தான்.

வாங்காத கடன் என்றால், வசூலுக்கு வருகிறவர் "ஒரு தவணை மட்டும் கட்டிடுங்க, அப்புறம் பாத்துக்கலாம்" என்பார். கட்டாதீர்கள்! கட்டினால் கடனை ஒத்துக்கொண்டது போல ஆகிவிடும். அதற்குப் பதில், மனுவின் நகல், அதிலுள்ள போட்டோ, கையெழுத்து, பணம் எந்தக் கணக்கில் ஏறியது என்ற விவரம் எல்லாவற்றையும் கம்பெனியிடம் எழுத்தில் கேளுங்கள். பணம் ஏறிய கணக்கு உங்களுடையதாக இல்லாவிட்டால் அதுவே பெரிய சாட்சி. காவல் நிலையத்தில் புகார் கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீது வாங்காமல் திரும்பாதீர்கள்.

அடுத்தது கடன் அறிக்கை. சிபில் போன்ற ஒவ்வொரு நிறுவனமும் ஆண்டுக்கு ஒரு முறை இலவசமாகத் தர வேண்டும். அதில் தவறு இருந்தால் ரசீது நகலோடு மறுப்பு எழுதுங்கள். 30 நாளில் முடிக்காவிட்டால் நாளுக்கு 100 ரூபாய் நஷ்டஈடு என்று 2023-ல் ரிசர்வ் வங்கி உத்தரவு போட்டிருக்கிறது. கம்பெனி 30 நாளாகியும் பதில் தராவிட்டால் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் போகலாம். விவரம் கேட்க 14448.

இந்த அலைச்சலுக்கு அந்த அம்மாவைத் தனியாக அனுப்பாதீர்கள். ஊக்குநரோ பிரதிநிதியோ கூடப் போகட்டும். அவர் வாங்கவில்லை என்பதைக் குழு தீர்மானப் புத்தகத்தில் எழுதி, எல்லோரும் கையெழுத்திட்டு, அந்த நகலையும் வங்கி மேனேஜரிடம் கொடுங்கள்.