வெள்ளியன்று புறப்பட்டு வியாழனன்று இறங்கும் பயணம்

பயணத்தில் தொழுகையைச் சுருக்குவதற்குத் தூரம் கணக்கா, நேரம் கணக்கா? விமானப் பயணம் பெருகியதிலிருந்து நம் வீடுகளில் அடிக்கடி எழும் கேள்வி இது. ஒரு மணி நேரத்தில் முடியும் பயணத்துக்குச் சலுகை எதற்கு என்று சிலர் தயங்குகின்றனர். தொலைதூரத் தீவு ஒன்றின் நிலையைப் பார்த்தால் விஷயம் தெளிவாகும்.

பசிபிக் பெருங்கடலில், ஹவாய்க்கும் நியூசிலாந்துக்கும் ஏறத்தாழ நடுவில் சமோவாத் தீவுகள் உள்ளன. மேற்குப் பகுதி தனி நாடு. கிழக்குப் பகுதி அமெரிக்காவின் ஆளுகைக்கு உட்பட்டது. மேற்கிலுள்ள ஃபலேயோலோ விமான நிலையத்திலிருந்து கிழக்கிலுள்ள பாகோ பாகோ விமான நிலையம் சுமார் 150 கிலோமீட்டர். சிறு விமானம் முக்கால் மணி நேரத்துக்குள் சென்றுவிடும். ஆனால் இடையில் சர்வதேசத் தேதிக்கோடு குறுக்கிடுகிறது. வெள்ளி பிற்பகல் 3 மணிக்குப் புறப்பட்டவர் வியாழன் பிற்பகல் 3.40க்கு இறங்குகிறார்!

முதலில் கஸ்ரு. ஷாஃபிஈ மத்ஹபில் இரண்டு மர்ஹலா, ஹனஃபீ மத்ஹபில் மூன்று நாள் பயணம் என்பர். இன்றைய கணக்கில் உலமாக்கள் பலரும் 80 கிலோமீட்டரை ஒட்டியே சொல்கின்றனர். கடல்வழியே அத்தூரத்தை ஒருவர் சொற்ப நேரத்தில் கடந்தாலும் அவருக்குக் கஸ்ரு உண்டு என்று இமாம் நவவீ (ரஹ்) தமது மின்ஹாஜில் எழுதியுள்ளார்கள். பாய்மரக் காலத்துச் சட்டம் இது! ஆகவே 40 நிமிடப் பயணியும் பயணியே.

அடுத்து வக்து. இவ்விரு நிலையங்களுக்கும் தீர்க்கரேகையில் ஏறத்தாழ 1.3 பாகை வித்தியாசம். ஒரு பாகைக்கு 4 நிமிடம் வீதம், சூரியன் கிழக்கில் 5 நிமிடமே முந்துகிறது. காலண்டர் ஒரு நாள் பின்னே போனாலும், புறப்படுமுன் லுஹர் தொழுதவர் இறங்கியபின் இன்னொரு லுஹர் தொழ வேண்டியதில்லை. அவருக்கு எதிரே இருப்பது அதே பகலின் அஸர்தான்.

ஜும்ஆ எப்படி? 1892 முதல் அமெரிக்கத் தேதியைப் பின்பற்றிய மேற்குச் சமோவா, ஆஸ்திரேலிய, நியூசிலாந்து வணிக வசதிக்காக 2011இல் கோட்டின் மறுபக்கம் மாறியது. டிசம்பர் 29 வியாழனுக்கு மறுநாள் 31 சனி. விடுபட்டதோ வெள்ளிக்கிழமை! அங்கே சிறு தொகையினரான முஸ்லிம்கள் உண்டு. அந்த வாரம் அவர்களுக்கு ஜும்ஆ நாளே வாய்க்கவில்லை. ஆனால் ஐவேளைத் தொழுகையில் ஒரு வக்தும் குறையவில்லை. கிழமை என்பது ஊர் வழக்கு. ஜும்ஆவுக்குத் தாம் இருக்கும் ஊரின் வெள்ளியே வெள்ளி. பயணியின் மீதோ ஜும்ஆ கடமையில்லை.

நோன்பிலும் குழப்பம் வேண்டாம். பிறை இரு தீவுகளுக்கும் ஒரே மாலையில்தான் உதிக்கிறது. ஒருபுறம் அதை வியாழன் என்பர், மறுபுறம் வெள்ளி என்பர். நோன்புடன் கிழக்கே செல்பவர் 5 நிமிடம் முன்னதாகத் திறப்பார். ஆனால் விமானத்தில் இருக்கையில் கீழேயுள்ள ஊரில் மஃரிப் ஆகிவிட்டாலும், சன்னலில் சூரியன் தெரியும்வரை திறக்கக் கூடாது.