மழை அங்கியின் முன்வாய்

1995 ஒக்டோபர் 30 இரவு கொட்டும் மழையில் வலிகாமத்தை விட்டு நடந்த நாம், நனைந்த உடம்பின் துன்பத்தை அறிவோம். மாரியில் புத்தூர் வயலில் களை பிடுங்கும்போதும் அங்கிக்குள் நீர் புகுவது பெரும்பாலும் முன்வாயாலும் ஊசித்துளையாலுமே.

சிப்பின் பற்களுக்கிடையே நீர் கசியும். ஆகவே அதன்மேல் மூன்று விரலகல மூடுமடிப்பு வைப்போம். சிப்பின் பின்னால் இன்னொரு மடிப்பைத் தைத்து, ஓரத்தை வளைத்துவிட்டால், உட்புகும் நீரைப் பீலிபோலக் கீழே வடியவிடும்.

குனியும்போது தெறிகளுக்கிடையே வாய் பிளக்கும்; அரைச்சாணுக்கொரு தெறி வேண்டும். தெறிகளை அங்கியில் நேரே குத்தாமல், தனிப்பட்டியில் பொருத்துவோம். தையல்களின் உட்புறம் றப்பர்ப் பசை பூசுவோம்.

மாரிக்கு முன்னரே ஒரு வாளி நீரை ஊற்றிச் சோதித்துப் பார்ப்போம்.